ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக் காற்று

தங்கைக்குத் தலைவலி வந்ததெல்லாம் மத்தியானத்தில்தான். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வராது. ஞாயிற்றுக்கிழமை வராது. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவள் வேலை பார்த்த ஆபீசில், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆனால் வரும். நேரமும் இடமும் சொல்லிக்கொண்டு வந்த வலி அது. அதைக் காதில் வாங்காமல் போனவன் நான். வேறு யாராவது அப்படி விட்டிருந்தால் பாவம், தெரியாது என்று சொல்லலாம். எனக்குக் காற்றை அளக்கத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு. இரும்புலியூரில் வீடு. அம்மா, நான், தங்கை, மூன்று பேர்தான். நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வேலை பார்த்தேன். அந்த நாளில் ஜி.எஸ்.டி ரோடு நெடுகக் காலேஜ்கள் முளைத்துக்கொண்டிருந்தன. கடைசி வருஷ மாணவர்கள் தாங்களே செய்ய வேண்டிய ப்ராஜெக்டை எங்களிடம் வந்து செய்து வாங்கிப் போவார்கள். சர்க்யூட் போர்டு, மைக்ரோகண்ட்ரோலர், அதற்குள் போகும் நிரல், நாற்பது பக்க ரிப்போர்ட், கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில், எல்லாம் நாங்களே. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்றைக்கு வெளிக் காலேஜிலிருந்து எக்ஸ்டெர்னல் என்று ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் பெட்டி பத்து நிமிஷம் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். எங்கள் தொழிலே அந்தப் பத்து நிமிஷம்தான்.

அதற்கு எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. டிஸ்ப்ளேயில் எண் ஆடக்கூடாது. ஆடினால் எக்ஸ்டெர்னல் "ஏன் ஆடுது?" என்று கேட்பார், மாணவன் முழிப்பான், எங்கள் பெயர் கெடும். ஆகவே எண் ஆடினால் ஏன் என்று தேட மாட்டோம். ஆடாதபடி நிரலில் நாலு வரி சேர்ப்போம். பத்து அளவை எடுத்துச் சராசரி போடு. கண்ணுக்கு அசிங்கமாகத் துள்ளும் எண்ணைத் தூக்கி எறி. இதில் நான் கெட்டிக்காரன். "அண்ணன் கை வெச்சா சென்சார் சொன்ன பேச்சு கேக்கும்" என்று மாணவர்கள் சொல்வார்கள், எனக்கும் அது ஜில்லென்று இருக்கும்.

அந்த வருஷம் ஒரு மாணவனுக்காகக் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் பெட்டி ஒன்று செய்தேன். சென்சார் வெளிநாட்டிலிருந்து வந்தது. விரல் நீளத்துக்கு ஒரு குழாய், உள்ளே பொன் பூச்சு. ஒரு முனையில் சின்ன பல்பு ரெண்டு செகண்டுக்கு ஒருமுறை மினுக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி குழாய் வழியாக மறு முனைக்குப் போகும். நடுவில் இருக்கும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு அந்த ஒளியை அது விழுங்கிவிடும். மறு முனைக்கு எவ்வளவு குறைவாக வந்து சேருகிறது என்று பார்த்து, பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு எத்தனை பங்கு என்று மைக்ரோகண்ட்ரோலர் கணக்குப் போட்டுச் சொல்லும். திறந்த வெளியில் நானூறுக்குக் கொஞ்சம் கீழே. ஆயிரத்துக்குள் இருந்தால் பச்சை விளக்கு, தாண்டினால் மஞ்சள், இரண்டாயிரத்துக்கு மேல் சிவப்பு. வைவா நல்லபடியாக முடிந்தது. மாணவன் பாஸ் ஆகி, பெட்டியை வந்து எடுத்துக்கொள்ளக்கூட இல்லை. அது எங்கள் அலமாரியில் கிடந்தது.

"காத்து அளக்கிற மெஷின் இருக்குன்னு சொன்னியே அண்ணா, அதை எங்க ஆபீஸ்ல ஒரு வாரம் வையேன்" என்று தங்கைதான் கேட்டாள். "எனக்கு மட்டும் இல்ல. பக்கத்து சீட்டு அக்காவுக்கும் தலை கிர்ருனு சுத்துதாம்."

அவள் வேலை மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலியை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்க வேண்டும். வேளச்சேரி ரோட்டு மேலேயே கட்டடம், இரண்டாவது மாடி. கீழே லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தில் டாக்டர் சொல்வது கேட்காது என்று ஜன்னல்களை எல்லாம் கண்ணாடி வைத்து, ஓரத்தில் பசை ஊற்றி அடைத்திருந்தார்கள். பதினான்கு பேர், ஒரு ஹால், இரண்டு ஏசி. நான் முதல் தடவை உள்ளே போனபோது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. என்னமோ சரியில்லை என்று தோன்றியது. தோன்றியதை எங்கே நம்புகிறோம், எண்ணைத்தானே நம்புவோம்.

முதலாளி மறுப்பே சொல்லவில்லை. பெட்டியைத் தங்கையின் மேசைக்கு எதிரே சுவரில் மாட்டச் சொன்னார். வருகிற போகிறவர்களிடம் "நம்ம ஆபீஸ்ல ஏர் குவாலிட்டி மானிட்டர் கூட இருக்கு சார்" என்று காட்டினார்.

அந்த வருஷம் கரண்ட் கட் புறநகர்க்காரர்களுக்குச் சாப்பாடு மாதிரி வேளை தவறாமல் வந்தது. அவர்கள் பக்கம் மத்தியானம். கரண்ட் போனதும் பின்பக்கச் சந்தில் இருக்கும் மண்ணெண்ணெய் ஜெனரேட்டரை வாட்ச்மேன் இழுத்துவிடுவார். கம்ப்யூட்டரும் ஃபேனும் ஓடும், ஏசி ஓடாது.

பெட்டி மாட்டிய முதல் நாளே அது நடந்தது. காலையெல்லாம் எண்ணூறு, தொள்ளாயிரம் என்று பச்சையில் இருந்த எண், ஜெனரேட்டர் போட்டுக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் விறுவிறுவென்று ஏறி மூவாயிரத்தைத் தாண்டியது. சிவப்பு. கரண்ட் வந்து ஜெனரேட்டரை நிறுத்தியபின் மெல்ல இறங்கியது. மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. சிவப்பு எரிந்ததும் பெண்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முன்பக்க பால்கனிக்குப் போய் நின்றார்கள். அந்த மூன்று நாளும் தங்கைக்குத் தலைவலி இல்லை. அதை அவளே என்னிடம் சொன்னாள். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே "அப்படியா" என்றேன்.

நாலாம் நாள் முதலாளி போன் செய்தார்.

"சார், உங்க மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜெனரேட்டர் போட்டா பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுது சார். பசங்க எல்லாம் எழுந்து போயிடறாங்க. டெலிவரி லேட் ஆவுது."

ஆடுது என்றாரா, எனக்குச் சுருக்கென்று குத்தியது. என் பெட்டி ஆடுவதா? யோசிக்க ஒரு நிமிஷம் கூட எடுக்கவில்லை. எனக்குப் பதில் தெரியும். மண்ணெண்ணெய் ஜெனரேட்டர் கொடுக்கும் கரண்ட் ஒழுங்காக இருக்காது, வோல்டேஜ் குதிக்கும். என் போர்டில் அளவுகோலாக வைத்திருந்ததே அந்த சப்ளை வோல்டேஜைத்தான். சென்டரில் நாங்கள் எல்லாப் போர்டுக்கும் செய்யும் குறுக்கு வழி. அளவுகோல் நீண்டு சுருங்கினால் எண் தப்பாகத்தானே வரும்? ஜெனரேட்டர் போட்டால் ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். ஜெனரேட்டர் கரண்ட்டை மட்டுமா கொடுக்கிறது, புகையையும்தானே கொடுக்கிறது என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. பெட்டியை ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பேட்டரி என் பைக்குள்ளேயே இருந்தது.

போனேன். சுவரில் மெயின் கரண்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சுவிட்சு இருந்தது. ஜெனரேட்டர் ஓடுவதைக் காட்டும் விளக்கிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பெட்டிக்குக் கொடுத்தேன். நிரலில் மூன்றே வரி சேர்த்தேன். ஜெனரேட்டர் ஓடும்போது அளக்காதே. அதற்கு முன் கடைசியாகப் பார்த்த எண்ணையே காட்டிக்கொண்டிரு. கரண்ட் வந்தபின் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளக்க ஆரம்பி.

அன்று மத்தியானம் ஜெனரேட்டர் ஓடியபோது எண் தொள்ளாயிரத்து இருபதில் ஆணி அடித்தது போல நின்றது. பச்சை. முதலாளி என் முதுகில் தட்டினார். தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க அண்ணன்தான் பண்ணான்" என்று பக்கத்து சீட்டு அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

அடுத்த வாரமே தலைவலி திரும்பி வந்தது. கூடவே வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாள். டைப் அடிக்கும்போது எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள்.

"லூசு மாதிரி பேசாத" என்றேன். "காத்து நல்லாத்தான் இருக்கு. நானே பாத்தேன், தினமும் பெட்டி குறிச்சு வெக்கிற லாக் எடுத்துப் பாக்கறேன். நாள் பூரா ஸ்கிரீனைப் பாத்தா கண்ணு கெடாம என்ன செய்யும்? கண்ணாடி போடு."

அம்மாவும் காலையில் சாப்பிடாமல் ஓடினால் அப்படித்தான் என்றாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்டாள். மெரூன் நிற ஃப்ரேம், அவளுக்கு நன்றாகவே இருந்தது. மத்தியான வலி மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். எவ்வளவு சௌகரியமான நினைப்பு.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையிலிருந்தே விடாமல் கொட்டியது. எங்கோ கேபிள் போய்விட்டது, வழக்கமான கரண்ட் கட் முடிந்தும் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டர் ஒரு மணிக்கு ஆரம்பித்து நாலு மணி வரை நிற்காமல் ஓடியிருக்கிறது. அதுவும் சந்தில் இல்லை.

வாட்ச்மேன் கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரச் சட்டையோடு நின்றுகொண்டு, தலையில் தலையில் அடித்துக்கொண்டு அவர் சொன்னதுதான் எனக்குத் தெரிந்த கதை.

"மெஷின் மழைல நனைஞ்சா பேஜாராயிடும்னு சொல்லிகினு கீறாரு மொதலாளி. அதான் சார், இட்டாந்து மாடிப்படி கீய வெச்சேன். வாசக்கதவைத் தொறந்துதான் வெச்சேன் சார், சாரல் உள்ள அடிக்குதுன்னு கீய கீற கடைக்காரன் மூடிகினு பூட்டான். எனக்கு இன்னா தெரியும்? நாலு மணிக்கு டீ எடுத்துகினு மேல போறேன், ஒரு சத்தமும் இல்ல. அல்லாரும் மேஜைல தலை வெச்சு தூங்கறாங்கன்னு நெனச்சேன். ஒங்க தங்கச்சி மூஞ்சி கீபோர்டு மேல கீது. ஸ்கிரீன்ல ஒரே எய்த்து ஓடிகினே கீது சார், ஒரே எய்த்து, நிக்கவே இல்ல."

கையில் இருந்த டீ கேனாலேயே ஜன்னல் கண்ணாடியை அடித்து உடைத்தவர் அவர்தான். ஒவ்வொருவராகத் தூக்கிப் பால்கனியில் மழையில் கிடத்தியவரும் அவர்தான். அவர் கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். பதினான்கு பேரும் பிழைத்தார்கள். பெரும்பாலானவர்கள் அன்றைக்கே கண் விழித்துவிட்டார்கள். படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்து சீட்டு என் தங்கையுடையது. அவள் இரண்டு நாள் விழிக்கவில்லை.

கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். நிறமில்லை, வாசனையில்லை, ரத்தத்தில் புகுந்து பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்றார். தினமும் சந்திலிருந்து படிக்கட்டு வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டுதான் இருந்திருக்கும், தலைவலி அதனால்தான் என்றார். என் பெட்டிக்கு அந்த வாயுவை அளக்கத் தெரியாதுதான். ஆனால் புகையில் இரண்டும் சேர்ந்துதான் வரும். ஒன்று ஏறினால் மற்றதும் வந்துவிட்டது என்று அர்த்தம். அதைத்தான் அந்தப் பெட்டி மூன்று நாள் சிவப்பாகக் கத்திச் சொன்னது. நான்தான் அதன் வாயைப் பொத்தினேன்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கலங்கித்தான் இருந்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க மெஷின் கடைசி வரைக்கும் பச்சைதானே காட்டிச்சு? அந்த லாக் ஒரு காப்பி வேணும் சார். விசாரணைக்கு வந்தா காட்டறதுக்கு" என்றார். நான் லாக்கை எடுத்துப் பார்த்தேன். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை, நிமிஷத்துக்கு ஒரு வரி, எல்லா வரியிலும் தொள்ளாயிரத்து நாற்பது. அவ்வளவு அழகான, ஆடாத எண்ணை எந்த எக்ஸ்டெர்னலும் பார்த்திருக்க மாட்டார். விசாரணைக்கு வந்தவரிடம் அந்த மூன்று வரியையும் எழுதிக் காட்டி, இது நான் செய்தது என்று சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார், குறித்துக்கொண்டார், ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்கப் போய்விட்டார். எனக்குத் தண்டனை எதுவும் வரவில்லை.

தங்கை வீட்டுக்கு வந்தபோது நடந்தாள், சாப்பிட்டாள், எங்களை அடையாளம் தெரிந்தது. புதிதாக நடப்பது எதுவும்தான் மனசில் தங்கவில்லை. காலையில் வந்த விருந்தாளியை மாலையில் தெரியாது. மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்ததால் அப்படி, சில மாதத்தில் மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

வந்த நாலாம் நாள் என்னைக் கேட்டாள். "அண்ணா, எனக்கு அன்னிக்கு ரொம்ப தலை வலிச்சுது. எழுந்து பால்கனிக்குப் போயிடலாமான்னு பாத்தேன். உன் பெட்டியைப் பாத்தேன், பச்சைதான் எரிஞ்சுது. சரி, நமக்குத்தான் மனப்பிரமைன்னு உக்காந்துட்டேன். பச்சைதானே எரிஞ்சுது? அப்புறம் எப்படிண்ணா?"

ஐயோ என்று இருந்தது எனக்கு. அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று வரி உட்பட. "நீ வேணும்னு பண்ணல இல்ல? சரி விடு" என்று என் தலையில் கை வைத்தாள். அன்று எனக்கு அழுகை வந்தது, மனசும் கொஞ்சம் லேசானது.

பத்து நாள் கழித்து, ஒரு எழுத்து மாறாமல் அதே கேள்வியைக் கேட்டாள். பச்சைதானே எரிஞ்சுது, அப்புறம் எப்படிண்ணா? என்னை மன்னித்தது அவளுக்குள் எங்குமே இல்லை. மறுபடி சொன்னேன். இந்தத் தடவை கையிலிருந்த டம்ளரை என் மேல் எறிந்தாள். "நான் சொல்லச் சொல்ல லூசுன்னியேடா பாவி" என்று கத்தினாள். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலையில் டம்ளர் ஏன் நசுங்கியிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டாள்.

மூன்றாம் தடவை கேட்டபோதும் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வேளை சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்து, "என்னண்ணா, முகம் ஏன் இப்படி இருக்கு, ஒடம்பு சரியில்லையா?" என்று என்னை விசாரித்தாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அது முதல் தடவை. ஒவ்வொரு தடவையும் நான் அவளைப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது.

நாலாம் தடவை கேட்டபோது ஜனவரி பிறந்திருந்தது. நான் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டாள். சமையலறை வாசலிலிருந்து அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"பெட்டி ரிப்பேர் ஆயிடுச்சும்மா" என்றேன் தங்கையிடம். "உள்ள ஒரு சின்ன பல்பு இருக்கும், அது ஃபியூஸ் போயிடுச்சு. யாருக்குத் தெரியும் சொல்லு."

"ஓ" என்றாள். "அதானே பாத்தேன்." பட்டாணியை உரிக்கத் தொடங்கினாள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. எப்படியும் நாளைக்கு மறந்துவிடுவாள், உடம்பு தேறியபின் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பின் அவள் கேட்கவே இல்லை. ஒரு மாதம் கழித்து ஊரப்பாக்கத்திலிருந்து சித்தி பார்க்க வந்தாள். வந்தவள் சும்மா இருக்காமல், "உங்கண்ணன் செஞ்ச மெஷினே உன்னைக் காட்டிக் கொடுத்துருச்சேடி" என்றாள்.

தங்கை விருட்டென்று நிமிர்ந்தாள். "அண்ணன் என்ன பண்ணுவான் சித்தி? உள்ள ஒரு சின்ன பல்பு இருக்கும், அது ஃபியூஸ் போயிடுச்சு. யாருக்குத் தெரியும் சொல்லு?"

நான் சொன்ன அதே வார்த்தைகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒருவர் சொன்னதை அவள் மனசில் வைத்திருந்து திருப்பிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"கேட்டியாடா? ஞாபகம் வெச்சிருக்காடா!"

நான் தலையை ஆட்டினேன். தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.